பத்துச் சுவடிகள், ஒரே சாட்சி: ஆய்வு முறை குறித்த வாசகர் கேள்விகள்

ஆய்வின் பொருளையும் முறைகளையும் பற்றி வாசகர்கள் அனுப்பியிருந்த கேள்விகளுள் சிலவற்றுக்கு இப்பகுதியில் விடையளிக்கப்படுகிறது. ஒரே செய்தியைக் கேட்டிருந்த கடிதங்கள் ஒரு கேள்வியாக இணைக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஆராய்ச்சி என்னும் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? ஒரு பொருளைப் பற்றிப் பத்து நூல்களைப் படித்துத் தொகுத்து எழுதினால் அதை ஆராய்ச்சி எனலாமா?

பதில்: 'ஆய்' என்னும் வேர்ச்சொல்லிலிருந்தே தொடங்குவோம். பூவை ஆய்தல் என்னும்போது, குவியலிலிருந்து வேண்டியதைப் பொறுக்கி வேண்டாததைக் கழிக்கும் செயலைக் குறிக்கிறோம். தொல்காப்பியத்தின் உரியியலோ ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாஅய் ஆகிய நான்கும் 'உள்ளதன் நுணுக்கம்' என்னும் பொருளைத் தரும் என்கிறது. அந்த நூற்பா ஆராய்ச்சி முறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், ஏற்கெனவே நம்முன் உள்ள ஒன்றை மேலும் நுணுகிக் காணும் வேலைக்கு, பாடநூல்களின் நீண்ட வரையறைகளைவிட இந்த இரண்டு சொற்கள் நன்றாகப் பொருந்துகின்றன.

தொகுத்து எழுதுவது பயனுள்ள பணி. கலைக்களஞ்சியங்கள் அவ்வாறுதான் உருவாகின்றன. ஆயினும், ஒரு கேள்வியை எழுப்பி, அதற்கு இதுவரை இல்லாத விடையையோ, இருந்த விடை பிழை என்பதற்கான சான்றையோ தராத எழுத்தை ஆராய்ச்சி என்று கொள்வதற்கில்லை. பத்து நூல்களைப் படித்த ஒருவர், அவற்றுள் மூன்று நூல்கள் ஓர் ஆண்டைப் பற்றித் தம்முள் முரண்படுவதைக் கண்டு, அந்த முரண்பாடு எங்கே தோன்றியது என்று மூல ஆவணத்தைத் தேடிப் புறப்பட்டால், தொகுப்பாளர் அங்கேயே ஆய்வாளராகிவிடுகிறார். எழுதி முடித்ததை எதிரில் வைத்துக்கொண்டு, 'எத்தகைய சான்று கிடைத்தால் நான் சொல்வது தவறாகிவிடும்?' என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். பொய்ப்பிக்கப்படக்கூடியதாக இருப்பதே அறிவியல் கூற்றின் அடையாளம் என்று மெய்யியலாளர் கார்ல் பாப்பர் 1934இல் வாதிட்டார். வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளுக்கு இதை அப்படியே பொருத்துவதை ஏற்காதவர்கள் உண்டு. எனினும், ஆய்வில் புதிதாகக் கால்வைப்பவருக்கு இதைவிடக் கைக்கு எளிய உரைகல்லை நான் அறியேன்.

கேள்வி: 'இணையமும் இளைஞர்களும்' என்று ஆய்வுத் தலைப்பு எழுதிக் கொடுத்தேன். இது தலைப்பே அன்று என்று நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தவறு?

பதில்: உங்கள் நெறியாளரின் பக்கமே நிற்கிறேன். நீங்கள் எழுதிக் கொடுத்தது ஒரு பரப்பு. அதற்குள் கேள்வி இல்லை. எந்த வயதினர், இணையத்தின் எந்தப் பயன்பாடு, அது எதை மாற்றுகிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள் என்பவற்றைச் சொல்லத் தொடங்கினால் தலைப்பு தானாகவே சுருங்கும். 'இரவு பதினொரு மணிக்குப் பிறகும் கைபேசியைப் பயன்படுத்தும் கல்லூரி மாணவர்கள், பயன்படுத்தாத மாணவர்களைவிடக் குறைவாக உறங்குகிறார்களா?' என்பது ஆய்வுக்குரிய கேள்வி. 'ஆம், குறைவாக உறங்குகிறார்கள்' என்று முன்கூட்டி எழுதி வைத்துக்கொண்டால் அது கருதுகோள் ஆகிறது. காரணமாகக் கருதப்படும் கைபேசிப் பயன்பாடு சாரா மாறி. அதனால் மாறுவதாகக் கருதப்படும் உறக்கம், சார்ந்த மாறி.

இதன் பிறகே உண்மையான சிக்கல் தொடங்குகிறது. உறக்கத்தை எப்படி அளப்பீர்கள்? மாணவர் சொல்லும் மணிக்கணக்கை ஏற்பதா, அவர் நாள்தோறும் எழுதும் குறிப்பேட்டைப் பார்ப்பதா, கையில் கட்டும் கருவியின் பதிவை நம்புவதா? மூன்றும் மூன்று வேறு எண்களைத் தரக்கூடும். எதை 'உறக்கம்' என்று கொள்கிறீர்கள் என்பதை அளக்கத்தக்க சொற்களில் எழுதுவதற்குச் செயல்நிலை வரையறை என்று பெயர். பல ஆய்வேடுகள் இந்த ஒரு பத்தியை எழுதாமல் விட்டதாலேயே இருநூறு பக்கங்களையும் இழக்கின்றன. முன்னாய்வுகளை இந்தக் கட்டத்தில் படியுங்கள். வினாநிரலை அச்சிட்ட பிறகு படித்தால், பிறர் ஏற்கெனவே விழுந்து எழுந்த பள்ளத்தில் நீங்களும் விழுந்திருப்பது தெரிய வருமே தவிர வேறு பயன் இராது.

கேள்வி: ஆய்வு முறைகள் மொத்தம் எத்தனை? ஒரு நூல் மூன்று என்கிறது. இன்னொன்று ஒன்பது என்கிறது. எதை ஏற்பது?

பதில்: இரண்டையும் ஏற்கலாம். ஏனெனில், அவை ஒரே அடிப்படையில் எண்ணவில்லை. நோக்கத்தைக் கொண்டு பிரித்தால் அடிப்படை ஆய்வு, பயன்பாட்டு ஆய்வு என்று அமையும். தரவின் இயல்பைக் கொண்டு பிரித்தால் அளவுசார் ஆய்வு, பண்புசார் ஆய்வு என்றாகும். செய்யும் வகையைக் கொண்டு பிரித்தால் வரலாற்று முறை, விளக்க முறை, ஒப்பீட்டு முறை, சோதனை முறை, களஆய்வு, தனியாள் ஆய்வு என்று பட்டியல் நீளும். தேர்வுக்குப் படிப்பவருக்குப் பட்டியல் தேவைதான். ஆய்வு செய்பவரோ ஒரே கேள்விக்காக இவற்றுள் நான்கைந்தை ஒன்றன்பின் ஒன்றாகக் கையாள நேரும். இதற்கு நான் எப்போதும் சுட்டுவது ஜான் ஸ்னோ என்னும் மருத்துவரின் காலரா ஆய்வை.

1854இல் லண்டன் நகரின் சோஹோ பகுதியில் காலரா பரவியது. கெட்ட காற்றே அந்நோய்க்குக் காரணம் என்பது அக்காலத்தின் பெரும்பான்மைக் கருத்து. குடிநீரே காரணம் என்பது ஸ்னோவின் கருதுகோள். காலராக் கிருமியை ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் அடையாளம் காட்டுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இருந்தன. ஆகவே, நீரை நுண்ணோக்கியில் பார்த்துக் கேள்வியை முடித்துவிட ஸ்னோவால் இயலவில்லை. அவர் இறப்புகள் நேர்ந்த வீடுகளைக் குறித்துக்கொண்டார். அவை பிராட் தெருவில் இருந்த ஒரு கைக்குழாயைச் சுற்றிக் குவிந்திருந்தன. ஆனால், கெட்ட காற்றும் ஓரிடத்தில் குவியக்கூடும் அன்றோ? எனவே, அவர் பொருந்தாதவற்றைத் தேடினார். குழாய்க்கு அருகிலேயே இருந்த ஏழையர் விடுதி ஒன்றில் 535 பேர் தங்கியிருந்தும் காலராவால் இறந்தவர் ஐவரே. அந்த விடுதிக்குத் தனிக் கிணறு இருந்தது. மாறாக, பல கல் தொலைவில், அந்நோய் பரவாத ஹாம்ஸ்டெட் பகுதியில் ஒரு மூதாட்டி இறந்திருந்தார்; விசாரித்ததில், பிராட் தெருத் தண்ணீரின் சுவையை விரும்பி நாள்தோறும் அதைத் தருவித்துக் குடித்தவர் அவர் என்பது தெரியவந்தது. காற்று என்னும் விளக்கத்தால் இவ்விரண்டையும் விளக்க முடியாது. வரைபடம் எழுப்பிய ஐயத்தை, வீடுவீடாகச் சென்று கேட்ட விசாரணை தீர்த்து வைத்தது.

அவர் இத்துடன் நிற்கவில்லை. தென் லண்டனில் இரண்டு நிறுவனங்களின் குடிநீர்க் குழாய்கள் ஒரே தெருக்களில், அடுத்தடுத்த வீடுகளுக்குச் சென்றன. அவற்றுள் லாம்பெத் நிறுவனம் 1852இல் தன் நீரெடுப்பு இடத்தைக் தேம்ஸ் ஆற்றில் கழிவு கலக்காத மேல்நீரோட்டப் பகுதிக்கு மாற்றியிருந்தது. சதர்க் அண்ட் வாக்ஸால் நிறுவனம் மாற்றவில்லை. வருவாய், தொழில், வீட்டு அமைப்பு ஆகியவற்றில் பெரிய வேறுபாடு இல்லாத மக்கள், தாம் தேர்ந்தெடுக்காமலேயே இரு குழுக்களாகப் பிரிந்திருந்தனர். ஸ்னோ கணக்கிட்டபோது, 10,000 வீடுகளுக்கு இறந்தோர் எண்ணிக்கை சதர்க் நீர் சென்ற வீடுகளில் 315ஆகவும் லாம்பெத் நீர் சென்ற வீடுகளில் 37ஆகவும் இருந்தது. இன்று இதனை இயற்கைச் சோதனை என்று அழைக்கிறோம்.

கைக்குழாயின் பிடியைக் கழற்றியதும் கொள்ளைநோய் நின்றுவிட்டது என்று இந்த நிகழ்ச்சியைச் சுருக்கிச் சொல்வோர் பலர். பிடி கழற்றப்படும் முன்பே இறப்புகள் குறையத் தொடங்கியிருந்தன என்பதை ஸ்னோவே எழுதி வைத்திருக்கிறார். தம் கருத்துக்கு வலுச்சேர்க்கக்கூடிய ஒரு செய்தியை அதன் உண்மையான எடைக்குமேல் மதிக்காத அந்த ஒரு வரிக்காகவே அவரைப் படிக்கலாம்.

கேள்வி: சோதனை முறைதான் எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று எங்கள் வகுப்பில் சொல்லப்படுகிறது. அப்படியானால் மற்ற முறைகள் எதற்கு?

பதில்: காரண-விளைவுத் தொடர்பை நிறுவுவதில் சோதனை முறைக்கு நிகர் இல்லை என்பது சரி. அதன் வலிமை எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் அதன் எல்லையும் புலப்படும். 1948இல் பிரிட்டனில் காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தின் ஆய்வு முடிவு வெளியானது. மருந்து பெற்றவர் 55 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற கட்டுப்பாட்டுக் குழுவினர் 52 பேர். ஆறு மாத முடிவில் முதற்குழுவில் நால்வரும் இரண்டாம் குழுவில் பதினால்வரும் இறந்திருந்தனர். யார் எந்தக் குழு என்பதை மருத்துவர்கள் முடிவுசெய்யவில்லை. குலுக்கல்போல் எவருடைய விருப்பமும் கலவாத சமவாய்ப்பு எண்களைக் கொண்டு எழுதி ஒட்டப்பட்ட உறைகள் முடிவுசெய்தன. தேர்வை மருத்துவரிடம் விட்டிருந்தால், பிழைக்கக்கூடியவர் என்று அவர் கருதிய நோயாளிக்கே மருந்து போயிருக்கலாம். பின்னர், காப்பாற்றியது மருந்தா, நோயாளியின் உடல்நிலையா என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடிந்திராது. மருந்து எல்லாருக்கும் போதாத அளவே கிடைத்த காலம் அது என்பதால், ஒரு குழுவுக்குக் கொடுக்காமல் விட்டது பற்றிய அறச்சிக்கலும் அங்கே பெரிதாக எழவில்லை.

ஆனால், புகைப்பழக்கத்தால் நுரையீரல் புற்றுநோய் வருகிறதா என்று அறிய ஆயிரம் பேரைப் புகைக்கச் சொல்ல இயலாது. ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1951இல் ஏறத்தாழ 40,000 பிரிட்டன் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டறிந்து, அவர்களைத் தொடர்ந்து ஆண்டுக்கணக்கில் கவனித்தனர். சமவாய்ப்பு முறையைக் காசநோய் ஆய்வில் புகுத்திய அதே ஹில், இங்கே அதைக் கைவிட்டுக் காத்திருக்கும் வழியைத் தேர்ந்தார். நோயாளி தம் நோயை எவ்வாறு புரிந்துகொள்கிறார், மருந்தை ஏன் பாதியில் நிறுத்துகிறார் என்பது கேள்வியானால் இந்த இரண்டு வழிகளும் உதவா. ஒருவருடன் பலமுறை அமர்ந்து பேசும் ஆழ்நேர்காணலே அங்கே உதவும். முறைகளுக்குள் உயர்வு தாழ்வு தேடும் பழக்கம் வகுப்பறைக்கு வெளியே அதிக நாள் நிலைப்பதில்லை.

கேள்வி: கருத்தாய்வுக்கு எத்தனை பேரைக் கேட்க வேண்டும்? எண்ணிக்கை கூடினால் துல்லியமும் கூடும் அல்லவா?

பதில்: கேட்கப்படுபவர்கள் சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் கூடும்; இல்லையெனில், அதே பிழை பெரிய எண்ணிக்கையில் திரும்பத் திரும்ப நிகழும். 1936இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன்பு லிட்டரரி டைஜஸ்ட் என்னும் இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, வேட்பாளர் லாண்டன் வெல்வார் என்று அறிவித்தது. வென்றவர் ரூஸ்வெல்ட், லாண்டனுக்குக் கிடைத்தவை இரண்டே மாநிலங்கள். தொலைபேசி வைத்திருப்போர், கார் வைத்திருப்போர் பட்டியல்களிலிருந்து முகவரிகள் எடுக்கப்பட்டிருந்தன. பொருளாதார நெருக்கடிக் காலத்தில் அவை வசதி படைத்தோரின் பட்டியல்கள். சீட்டைத் திருப்பி அனுப்பும் ஊக்கம் ரூஸ்வெல்ட்டை எதிர்த்தவர்களிடம் கூடுதலாக இருந்தது என்பதும் சேர்ந்துகொண்டது. அதே தேர்தலில் அதைவிட மிகச் சிறிய மாதிரியை, அதாவது தேர்ந்தெடுத்துக் கேட்கப்பட்ட குழுவை, கொண்டு கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் காலப் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னார். ஆகவே, உங்கள் வினாநிரலைப் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் பகிர்ந்து ஐந்நூறு விடைகள் பெற்றேன் என்று மகிழ்வதற்கு முன்பு, விடையளிக்காதவர்கள் யார் என்று சிந்தியுங்கள்.

கேள்வி: இலக்கிய மாணவியாகிய எனக்குக் கருதுகோள், மாதிரி, மாறி போன்றவை அந்நியமாகத் தோன்றுகின்றன. எங்கள் துறையில் ஆய்வு முறை என்று ஒன்று உண்டா?

பதில்: உண்டு, சில இடங்களில் அது ஆய்வகத்தைவிடக் கடுமையானது. சுவடிப் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாடலின் ஒரு சொல் பத்துச் சுவடிகளில் ஒரு வகையாகவும் இரண்டு சுவடிகளில் வேறு வகையாகவும் காணப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பான்மையை ஏற்பதே முறை என்று தோன்றும். ஆனால், அந்தப் பத்தும் ஒரே தாய்ச்சுவடியைப் பார்த்துப் படியெடுக்கப்பட்டவையாக இருந்தால், அவை பத்துச் சாட்சிகள் ஆகமாட்டா. ஒரே சாட்சியின் வாக்குமூலம் பத்துமுறை எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவே. மற்ற இரண்டும் வெவ்வேறு மரபில் வந்தவையானால் அவற்றின் எடை கூடுகிறது. எவை ஒரு தாயின் பிள்ளைகள் என்பதைக் கண்டறிய, சரியான பாடங்களில் (சுவடியில் காணும் சொல்வடிவங்களில்) உள்ள ஒற்றுமை உதவாது; சரியானதை எவரும் சரியாக எழுதியிருக்கலாம். ஒரே இடத்தில் ஒரே பிழையைச் செய்திருப்பவையே உறவினர். பிழையைக் கொண்டு குடிவழி காணும் இந்த வழி, ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிஞர் கார்ல் லாக்மன் பெயரோடு இணைந்து முறையாக வளர்ந்தது. இதிலே கருதுகோள் உண்டு, சான்று உண்டு, ஒரு புதிய சுவடி கிடைத்தால் முடிவு சரிந்துவிடும் வாய்ப்பும் உண்டு.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை நச்சினார்க்கினியர் உரையுடன் வெளியிட்டபோது சுவடிகளை ஒப்பிட்டதோடு நிற்கவில்லை. நூலில் வரும் சமண சமயச் செய்திகள் விளங்காதபோது சமணர்களிடமே சென்று கேட்டறிந்தார். சமூகவியலார் களஆய்வு என்றும் தகவலாளர் நேர்காணல் என்றும் பெயரிட்டு வழங்குவது இதைத்தான். உங்கள் துறையில் முறை இருக்கிறது. அதற்குப் பெயர் சூட்டும் வழக்கம்தான் தாமதமாக வந்தது.

கேள்வி: ஓராண்டு உழைத்தும் என் கருதுகோளுக்கு ஆதரவான முடிவு கிடைக்கவில்லை. ஆய்வு தோற்றுவிட்டதா?

பதில்: இல்லை. 1887இல் மைக்கல்சன், மோர்லி என்னும் அமெரிக்க அறிவியலாளர்கள், ஒளி பரவுவதற்கான ஊடகமாக அன்று கருதப்பட்ட ஈதரில் பூமி நகர்வதன் விளைவை அளக்க முயன்று, எதிர்பார்த்ததைக் காணாமல், காணவில்லை என்பதையே வெளியிட்டனர். முடிவைப் பார்த்த பிறகு கருதுகோளைத் திருத்தி எழுதி, தொடக்கத்திலிருந்தே அப்படித்தான் நினைத்தேன் என்று காட்டுவதை மட்டும் செய்யாதீர்கள்.

கேள்வி: நேர்மையான ஆய்வாளர் செய்த ஆய்வை இன்னொருவர் மீண்டும் செய்து பார்ப்பது ஏன்? அது நம்பிக்கையின்மை ஆகாதா?

பதில்: நேர்மையானவரும் ஏமாறுவார் என்பதாலேயே மீளச் செய்கிறோம். 1903இல் ரெனே புளோன்லோ என்னும் பிரெஞ்சு இயற்பியலாளர் 'என்-கதிர்கள்' என்று ஒரு புதிய கதிர்வீச்சைக் கண்டதாக அறிவித்தார். அவர் மதிக்கப்பட்ட அறிஞர். ஏமாற்றும் எண்ணம் உடையவர் அல்லர். வேறு பலரும் தாங்களும் அக்கதிர்களைக் கண்டதாக எழுதினர். 1904இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் அவருடைய ஆய்வகத்துக்கே சென்று, சோதனை நடந்துகொண்டிருந்த இருட்டறையில், கருவியின் இன்றியமையாத உறுப்பாகிய அலுமினியப் பட்டகத்தை எவரும் அறியாமல் அகற்றிவிட்டார். அதன் பிறகும் அங்கிருந்தோர் முன்போலவே அளவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தனர். மங்கிய ஒளியின் சிறு மாற்றத்தைக் கண்ணால் மதிப்பிடும் அந்தச் சோதனையில், காண விரும்பியதையே கண்கள் கண்டிருந்தன. அளப்பவருக்கும் அளக்கப்படுபவருக்கும் எது மருந்து, எது மருந்துப்போலி என்பதை மறைத்து வைக்கும் இருதரப்பு மறைப்பு முறை இன்று மருத்துவ ஆய்வுகளில் வற்புறுத்தப்படுவதும் இத்தகைய ஏமாற்றத்தைத் தடுக்கத்தான்.

2015இல் வெளியான ஒரு கூட்டு முயற்சியில், உளவியல் இதழ்களில் வந்த 100 ஆய்வுகளை வேறு குழுவினர் மீண்டும் செய்து பார்த்தனர். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல் முக்கியத்துவம் உடைய, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத, முடிவைத் தந்திருந்தன. மீளச் செய்தபோது 36 விழுக்காடே அவ்வாறு அமைந்தன. மீதமுள்ளவை எல்லாம் பொய் என்று இதற்குப் பொருளில்லை. மாதிரி சிறிதாக இருந்திருக்கலாம், சூழல் மாறியிருக்கலாம், எதிர்மறை முடிவுகளை இதழ்கள் வெளியிட விரும்பாததால் சாதகமானவை மட்டும் அச்சேறியிருக்கலாம். ஒற்றை ஆய்வின் முடிவை மட்டும் கொண்டு 'அறிவியல் நிறுவிவிட்டது' என்று எழுதப்படும் செய்திகளை நான் ஐயத்துடனேயே படிக்கிறேன்.

கேள்வி: நேர்காணல் எடுக்கும் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் படிவம் வாங்க வேண்டும் என்கிறார்கள். இது வெறும் சடங்கு இல்லையா?

பதில்: படித்துக் காட்டாமல் கையெழுத்து மட்டும் வாங்கினால் சடங்குதான். அந்தத் தாள் ஏன் பிறந்தது என்பதை அறிந்தால் அவ்வாறு செய்ய மனம் வராது. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை நடந்த ஆய்வில், மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களிடம் அவர்களுடைய நோய் இன்னதென்று சொல்லப்படவில்லை; பெனிசிலின் அந்நோய்க்கான வழக்கமான மருந்தான பிறகும் அது அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. நோய் தானாக எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதே ஆய்வின் நோக்கமாக இருந்தது. உங்கள் நேர்காணல் எவருடைய உயிருக்கும் ஊறு செய்யாமல் இருக்கலாம். ஆனால், எதற்காகக் கேட்கிறீர்கள், பெயர் வெளிவருமா, பாதியில் விலகிக்கொள்ளலாமா என்னும் மூன்றையும் அறியும் உரிமை எதிரில் அமர்ந்திருப்பவருக்கு உண்டு.

கேள்வி: செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் முன்னாய்வுகளைக் கேட்டுத் தொகுத்துக்கொள்ளலாமா?

பதில்: தேடலின் தொடக்கத்தில் எந்தச் சொற்களைக் கொண்டு தேடலாம் என்று அறியப் பயன்படுத்தலாம். அது தரும் நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் பக்க எண்ணும் உள்ளவைபோல் தோன்றி இல்லாதவையாக இருப்பதுண்டு. ஆதலால், மூலத்தைத் திறந்து பார்க்காத எதையும் மேற்கோளாக எழுதக் கூடாது. இருபது இணையப் பக்கங்கள் ஒரே செய்தியைச் சொல்கின்றனவே என்று சிலர் வாதிடுவர். அந்தச் செய்தியில் உள்ள ஏதேனும் ஒரு சிறு பிழையைத் தேர்ந்துகொண்டு, அது எத்தனை பக்கங்களில் அப்படியே திரும்ப வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.